ஜன்னலைச் சாத்தி நான் தடுத்த பாட்டு

பெருமாளை நம்பிப் பிழைக்கிற என் சொந்தங்களுக்கு, புத்தூர் ஜெயந்தி எழுதிக்கொள்வது. நம் சனிக்கிழமை பஜனையில் என்னை எழுந்து நின்று பேசச் சொல்லி இரண்டு முறை கேட்டீர்கள். இரண்டு முறையும் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய் நீளமானவள் என்று பெயர் எடுத்தவளுக்கே வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் ஒன்றும் இல்லை. பெருமாள் செய்ததையும், நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன வருடம் வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் முனிரத்தினம் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஆறு நாளும் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். ஏழாவது நாள்தான் மனுஷர் காலை நீட்டிப் படுப்பார். அன்றைக்கு அவரைப் படுக்கவிடாமல் கிளப்பியவள் நான். கார்வேட்டிநகரத்தில் என் மாமியார் வீட்டில் ஊறுகாய்க்கு மாங்காய் பறித்து வைத்திருந்தார்கள்.

"அடுத்த வாரம் போறேன்டி. உடம்பு நோவுது" என்றார்.

"அடுத்த வாரத்துக்குள்ள எல்லாம் பழுத்துப் பூடும். வண்டி எடுத்தா அரைமணி நேரம். போய் எத்துக்கினு வந்துடு" என்றேன்.

போனார். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ரோட்டோரத்தில் ஒரு டிராக்டர், பின்னால் விளக்கு இல்லாமல் நின்றிருக்கிறது. ஹெல்மெட் எங்கள் வீட்டு அலமாரிமேல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த யாரோ ஒருவர், "மூட்டை சிதறிப்போச்சும்மா, ஆனா ஒரு மாங்காய்கூட நசுங்கல" என்றார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் மாங்காய் ஊறுகாய் கிடையாது.

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்தார்கள். நாற்பத்தாறு நாள் அங்கே இருந்தோம். மூச்சுவிடக் கழுத்தில் ஓட்டை, மூக்கில் குழாய். பிறகு கண்ணைத் திறந்தார். கண் திறந்ததும் கோவிந்தா கோவிந்தா என்று வராண்டாவிலேயே விழுந்து கும்பிட்டேன். ஆனால் அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. என் முகத்தைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பாது. கிள்ளினால் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். பெரிய டாக்டர் தெலுங்குக்காரர், என்னோடு தமிழும் கலந்து பேசுவார். "உயிரைக் காப்பாத்திட்டோம் அம்மா. ஆளைத் திருப்பிக் குடுக்கிறது மா சேத்துல லேது" என்று கையை விரித்தார். எங்கள் கையில் இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் நின்ற நிலையை எழுத எனக்குத் தெரியவில்லை.

கழுத்து ஓட்டையை மூடி வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவரே ஒரு கேள்வி கேட்டார். "இவருக்கு எந்தப் பாட்டு இஷ்டம்? டெய்லி போடுங்க. பேச்சுக்குப் பதில் சொல்லாத மூளை, சில பேருக்குப் பாட்டுக்குச் சொல்லும்" என்றார். பக்கத்தில் என் மாமியார் நின்றிருந்தார்.

"பெருமாள் பாட்டுதான் சார். வேற எதையும் காதுல வாங்கமாட்டாரு" என்றேன்.

பொய். வாய் கூசாமல் சொன்ன பொய். என் வீட்டுக்காரர் எனக்காக வருடம் தவறாமல் மலை ஏறுவார், எனக்காக மொட்டை போடுவார். ஆனால் காலையில் நான் பக்திப் பாட்டுப் போட்டால், பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவருக்குப் பிடித்தது சினிமாப் பாட்டு. அதுவும் குத்துப் பாட்டு. சாவோடு போராடுகிற மனுஷனுக்குக் குத்துப் பாட்டுதான் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வேன்? டாக்டரிடம் சொன்ன அந்தப் பதில் டாக்டருக்காகச் சொன்னது இல்லை. பெருமாள் கேட்டுக்கொண்டிருப்பார், இவர்மேல் கோபப்பட்டுவிடப் போகிறார் என்று பயந்து, பெருமாள் காதில் விழட்டும் என்று சொன்னேன். எல்லாம் தெரிந்தவரிடமே என் சாமர்த்தியத்தைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி அவர் தலைமாட்டில் வைத்தேன். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் எட்டு மணி வரைக்கும் ஓடும். சாயங்காலம் விளக்கு வைத்ததும் மறுபடியும். காலையில் பாட்டு ஓடும்போது தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. வெளியூர்க்காரர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

தினமும் ஏழு மணி வாக்கில் எங்கள் தெருவுக்கு முனிசிபாலிட்டி குப்பை வண்டி வரும். வீட்டு வாசலில் இருந்தபடியே குப்பையைக் கொண்டுவந்து போடச் சொல்லி ஒலிபெருக்கியில் ஒரு தெலுங்குப் பாட்டுப் போட்டுக்கொண்டே வரும். குப்பைக்குத் தெலுங்கில் 'செத்த'. ஈரக் குப்பை 'தடி செத்த', காய்ந்த குப்பை 'பொடி செத்த'. ஆந்திராவிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இது தெரியாதது இல்லை. ஆனாலும் வீட்டில் தமிழ் பேசுகிற காது அது. உயிர் ஊசலாடிக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிற வீட்டில், விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வந்து நின்று ஒரு பொம்பளைக் குரல் செத்த, செத்த என்று பாடினால் எப்படி இருக்கும்? மகனைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்து தங்கிய என் மாமியார், முதல் நாளே காதைப் பொத்திக்கொண்டு, "அந்தக் கருமத்தை உள்ளே விடாதே, மூடு" என்றார். மூடினேன். ஸ்பீக்கர் சத்தத்தையும் ஏற்றினேன். ஆறு மாதம் இப்படியே செய்தேன்.

என் மகள் பவானி அப்போது ஒன்பதாவது படித்தாள், அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, நைனாவுக்கு இது புடிக்காதும்மா."

"வாயை மூடு. சாமி பாட்டு புடிக்காதவங்க யாருடி இருக்காங்க?"

"நைனா இருக்காரும்மா."

அடித்துவிட்டேன். அதற்கு முன்னால் அவள்மேல் நான் கை நீட்டியதே இல்லை. அன்றிலிருந்து அவள் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நைனாவின் காலை அமுக்கிவிடுவாள், குழாயில் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றுவதற்குப் பாத்திரம் பிடிப்பாள், எல்லாம் செய்வாள். என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.

அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். அப்படியும் முதுகில் புண் வந்துவிட்டது. புண்ணைத் துடைக்கும்போது அவர் உடம்பு விறைக்கும். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதானே என்று ஆறுதல் சொன்னார்கள். குழந்தை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். இவர் பார்க்கவே மாட்டார். சில நாள் அவர் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்து, "இன்னாய்யா, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்தக் கண்ணில் நான் தெரிவேன், ஜன்னல் தெரியும், மேலே சுற்றுகிற ஃபேனும் தெரியும். மூன்றும் அவருக்கு ஒன்றுதான்.

மார்கழி பிறந்த வாரத்தில், என் வீட்டுக்காரரின் அண்ணன் குப்புசாமி மாமா ஊரிலிருந்து வந்தார். வந்தவர் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைத் தடவிக்கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஜெயந்தி, தை பொறந்ததும் நான் வேன் எத்துக்கினு வர்றேன். ஊருக்கு இட்டுக்கினு பூடலாம். இந்தக் குழாய் கிழாய் எல்லாம் இனிமே வாணாம். வாயில கஞ்சி ஊத்துவோம். எறங்கற வரைக்கும் எறங்கட்டும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. என் மாமியாருக்கும் புரிந்தது. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். குப்புசாமி மாமா கெட்டவர் இல்லை. தம்பி படுகிற அவஸ்தையைப் பார்க்கச் சகிக்காமல்தான் சொன்னார். "நீயும் எத்தினி நாளைக்கு இப்பிடியே கெடப்ப? பொண்ணு ஒருத்தி இருக்கா, அவளைப் பாரும்மா" என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த மார்கழியில் விடிவதற்கு முன்னால் குளித்து, கோலம் போட்டு, விளக்கேற்றிப் பெருமாளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அவர் நடக்க வேண்டாம். பேச வேண்டாம். வேலைக்குப் போக வேண்டாம். இது ஜெயந்தி என்று ஒரே ஒரு தடவை அவருக்குத் தெரிந்தால் போதும். அதற்கப்புறம் உன் இஷ்டம்." தினமும் இதே வார்த்தைதான். ஒரு நாளும் மாற்றவில்லை. பெருமாளுக்குக் குழப்பம் வரக்கூடாது இல்லையா.

மார்கழி இருபதாம் தேதி. அன்று காலை முதுகைத் துடைக்கத் திருப்பினேன். ஆறிக்கொண்டு வந்த புண் மறுபடியும் பிளந்திருந்தது. துணியெல்லாம் சீழ். தலைமாட்டில் ஸ்பீக்கர் கருணைக் கடலே என்கிற தினுசில் எதையோ பாடிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. ஸ்பீக்கரைப் பிடுங்கி நிறுத்தி மூலையில் எறிந்தேன்.

"போதும். உனக்கும் காது கேக்கல, இவருக்கும் காது கேக்கல. நான் யாருக்குப் போட்டுக்கினு கெடக்கறேன்?" என்று பெருமாள் படத்தைப் பார்த்துக் கத்தினேன். படிக்கிற நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். உள்ளே நாற்றம் தாங்காமல் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. என்னிடம் ஒரு பிரார்த்தனையும் மிச்சம் இல்லை. ஆறு மாதத்தில் முதல்தடவையாக அந்த நேரத்தில் எங்கள் வீடு சத்தமில்லாமல் இருந்தது.

குப்பை வண்டி வந்தது. திறந்த ஜன்னல் வழியாகப் பாட்டு உள்ளே வந்தது. எழுந்து சாத்த வேண்டும் என்று தோன்றியது, உடம்பு எழவில்லை. வரட்டும், செத்த என்றே பாடிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

"அம்மா!" என்று பவானி கத்தினாள். "அம்மா, நைனா கையைப் பாரும்மா!"

வலிப்பு வந்துவிட்டது என்றுதான் பதறி எழுந்தேன். வலிப்பு இல்லை. அவருடைய வலது கை போர்வைக்கு மேலே வந்திருந்தது. விரல்கள் நான்கும் மடங்கி மடங்கி விரிந்தன. கண் சுவரில் இல்லை, வாசற்கதவில் இருந்தது. தொண்டையிலிருந்து ம், ம் என்று ஒரு சத்தம். வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பிப் பாட்டு தேய்ந்து போகிற வரைக்கும் அந்தக் கை எதையோ தேடியது. பாட்டு நின்றதும் அப்படியே விழுந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பவானிதான் தேம்பிக்கொண்டே சொன்னாள். "பக்கெட்டும்மா. நைனா பக்கெட்டைப் புடிக்கிறாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அவர் செய்கிற ஒரே வேலை அதுதான். வண்டிச் சத்தம் கேட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பச்சை பக்கெட் ஒரு கையில், நீல பக்கெட் ஒரு கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் குப்பைப் பாட்டுக்கே ஆடிக்கொண்டு தெருவில் இறங்குவார். வண்டியில் நிற்கிற எல்லம்மா கைகொட்டிச் சிரிப்பாள். பவானி விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் மட்டும், "மானம் போவுது, உள்ள வாய்யா" என்று கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடிப்பேன். அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று டாக்டர் கேட்டபோது, இது எனக்கு ஞாபகமே வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலை ஸ்பீக்கர் இல்லை, ஜன்னல் திறந்திருந்தது. பவானி பச்சை பக்கெட்டைக் கழுவிக் கட்டிலின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டுக் கேட்டதும் கை மேலே வந்தது. பிடியைத் தொட்டது. பிடித்துக்கொண்டது. நான் பெருமாள் படத்துக்கு எதிரே போய் நின்று, முந்தைய நாள் கத்தியதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

எல்லம்மாவிடம் பவானி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "அய்யோ சாரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேனு டிரைவருக்குச் சொல்றேன் அம்மா. தினமும் இங்க கொஞ்சநேரம் வண்டி நிக்கும். சாரு எழுந்து வந்து குப்பை போடற வரைக்கும் நிக்கும்" என்றாள். சொன்னபடி நின்றது. என் மாமியார் ஒருநாள் கற்பூரத் தட்டோடு போய் அந்த வண்டிக்குக் குங்குமம் வைத்து ஆரத்தி எடுத்துவிட்டார். "ஐயோ பெத்தம்மா, இது செத்த பண்டி, குப்பை வண்டி!" என்று எல்லம்மா கூச்சப்பட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "எந்தப் பண்டியா இருந்தா இன்னா, எம் புள்ளைய எழுப்பிச்சே" என்றார் என் மாமியார். காதைப் பொத்திக்கொண்ட அதே மாமியார்தான்.

தை மூன்றாம் தேதி சொன்னபடி குப்புசாமி மாமா வேனோடு வந்தார். "ஏழு மணி வரைக்கும் உக்காருங்க மாமா" என்றேன். உட்கார்ந்தார். வண்டி வந்தது, பாட்டு வந்தது, தம்பியின் கை எழுந்து பக்கெட்டைப் பிடித்தது. அன்றைக்கு ம், ம் என்ற சத்தம் பாட்டின் மெட்டிலேயே ஏறி இறங்கியது. மாமா வெளியே போய் வேனுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு, ஆம்பிளை அழக்கூடாது என்று ஊரில் யாரும் சொல்லித் தராத மாதிரி அழுதார். பிறகு டிரைவரிடம், "வண்டியைத் திருப்பு. ஆள் வரல" என்றார்.

திருத்தணியிலிருந்து ரயிலில் வருகிற நித்யா என்கிற பெண்தான் அவருக்கு உடற்பயிற்சி கொடுப்பவள். அவளிடம் இதெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"பேச்சு ஒரு பக்கம் அடிபட்டா போயிடும்க்கா. பாட்டுக்கு அப்பிடி மூளையில ஒரே ஒரு எடம் கெடையாது. காதுல விழறது, காலு தாளம் போடறது, பழைய ஞாபகம், சிரிப்பு, அழுகை, எல்லா எடத்துக்கும் அது போவும். ஒரு வழி அடைச்சிருந்தா இன்னொரு வழி. இந்தப் பாட்டு வந்தா கை பக்கெட்டைத் தூக்கும்னு அவரு உடம்புக்குப் பழக்கம். அதான் கை எழுந்துச்சு" என்றாள்.

"ஆறு மாசம் நான் போட்ட பாட்டு?"

"அதுவும் போயிருக்கும்க்கா. ஆனா புடிக்காததை ஓயாம போட்டா, ஃபேன் சத்தம் மாதிரி ஆயிடும் சில பேருக்கு."

"உள்ளேயிருந்து கேட்டுக்கினு இருந்திருப்பாரா? நிறுத்தச் சொல்ல வாய் இல்லாம?"

"அது யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள். அந்தப் பதிலை நான் இன்றைக்கும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு பவானி பொறுப்பெடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனில் நைனாவுக்குப் பிடித்த குத்துப் பாட்டுகளைப் போடுவாள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பாட்டில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இன்னொன்றில் வலது கால் கட்டைவிரல் தாளம் போட்டது. பங்குனியில் மூக்குக் குழாய் போனது. சித்திரையில் இரண்டு பேர் பிடித்து நிறுத்தினோம். பாட்டு ஓடினால் கால் முன்னே வரும், பாட்டை நிறுத்தினால் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிடும். ஆடி மாதம் ஒரு கையில் கோலும் ஒரு கையில் பச்சை பக்கெட்டுமாக வாசல்வரைக்கும் நடந்து, அவரே குப்பையைக் கொட்டினார். தெருவே வந்து நின்று பார்த்தது.

இதோடு முடித்துவிட்டால் இது நல்ல சாட்சி. ஆனால் பெருமாளுக்கு முன்னால் பாதியைச் சொல்லக்கூடாது.

அவருக்குப் பேச்சு வரவில்லை. இடது கை வரவில்லை. பழையது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. எல்லம்மாவைப் பார்த்தால் சிரிப்பார். பவானி வந்தால் முகம் மலரும். அண்ணனைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வார். என்னைப் பார்த்தால் மட்டும் உடம்பு விறைக்கும். நான் யார் அவருக்கு? குழாய் செருகிய கை, புண்ணைத் தேய்த்த கை, ஊசிக்குத் திருப்பிப் பிடித்த கை. ஒரு வெள்ளிக்கிழமை பழைய ஞாபகத்தில் விளக்கேற்றிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன். முதல் பாட்டு ஆரம்பித்ததுமே, ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு, குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். ஓடிப்போய் நிறுத்தினேன். அன்றோடு எங்கள் வீட்டில் பக்திப் பாட்டு நின்றது. நான் வாய்விட்டுப் பாட வேண்டும் என்றால் நம் பஜனைக்குத்தான் வர வேண்டும். அதனால்தான் நான் இங்கே அப்படி உரக்கப் பாடுகிறேன், சிலருக்கு அது தொந்தரவாக இருப்பதும் எனக்குத் தெரியும்.

பெருமாளிடம் மறுபடியும் சண்டை போட்டேன். "ஜெயந்தி என்று தெரிய வேண்டும் என்றுதானே கேட்டேன்? ஜெயந்தியைத் தவிர எல்லாரையும் காட்டிக் கொடுத்திருக்கிறாயே" என்றேன்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். விபத்துக்குப் பிறகு மிஷின்மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன். இந்த ஆவணி மாதம், பக்கத்து வீட்டில் கல்யாணத்துக்கு அவசரம் என்று கெஞ்சினார்கள். ஒன்றரை வருடம் கழித்து, இல்லை, கணக்குப் பார்த்தால் பதினைந்து மாதம் கழித்து, மத்தியான வேளையில் மிஷினில் உட்கார்ந்தேன். அவர் வாசற்படிப் பக்கத்தில் நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். பவானி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

தைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. மிஷினை நிறுத்தினேன். சத்தமும் நின்றது. மறுபடி மிதித்தேன். மறுபடியும் சத்தம் வந்தது. பார்த்தால், அவர் தலையை என் பக்கம் திருப்பிக்கொண்டு ம்ம்ம், ம்ம் என்று எதையோ மெட்டாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னா பாட்டுடி?" என்று பவானியைக் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது பாட்டே இல்லம்மா. நீதான். மிஷின்ல உக்காந்தா நீ எப்பவும் இப்பிடித்தான் இழுத்துக்கினு இருப்ப. இப்பக்கூட நீதான் மொதல்ல ஆரம்பிச்ச. நைனா உன்னைக் கிண்டல் பண்ணி கண்ணாடி முன்னால நின்னு இதே மாதிரி இழுப்பாரே, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில், மிஷினை மிதிக்கும்போது என் தொண்டையிலிருந்து இப்படி ஒன்று வருகிறது என்று எனக்கே தெரியாது. அதில் வார்த்தை இல்லை, சாமி இல்லை, தாளம்கூட ஒழுங்காக இல்லை. அதை உட்கார்ந்து கேட்டவர் இந்த உலகத்தில் இரண்டே பேர்.

எழுந்து போய் அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். தெரிந்தே இழுத்துப் பார்த்தேன், பாதியில் எனக்கு மறந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் விட்ட இடத்திலிருந்து அடுத்ததை இழுத்தார். உடம்பு விறைக்கவில்லை. நான் அழ அழ, அவர் கடைசிவரைக்கும் இழுத்து முடித்தார். பவானி பின்னாலிருந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், நான் அடித்த நாளுக்குப் பிறகு முதல்தடவையாக.

என் பிரார்த்தனையை எந்த வழியில் கேட்க வேண்டும் என்று பெருமாளுக்கு நான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். அவர் குப்பை வண்டியில் வந்தார், ஜன்னலைச் சாத்தினேன். அப்படியும் தினமும் ஏழு மணிக்கு வந்து நின்றுவிட்டுத்தான் போனார். அந்தப் பொறுமைக்கு நான் எதைக் கொடுத்து நன்றி சொல்வது? இப்போதெல்லாம் காலையில் விளக்கேற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அது பெரிய விரதம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் பதில் பேசாமல் படுத்திருக்கலாம். போய்விட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெருமாளை நம்புங்கள், பாட்டும் போடுங்கள். ஆனால் உங்களுக்குப் பிடித்ததை இல்லை, அவருக்குப் பிடித்ததைப் போடுங்கள். அது எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். இதற்கு நான் பொறுப்பு.

இன்றைக்கும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. இனிமேல் சொல்வார் என்று டாக்டர் நம்பிக்கை கொடுக்கவும் இல்லை. ஆனால் நான் மிஷினின் மேலிருக்கும் துணியை எடுத்தால் போதும், நான் உட்காருவதற்கு முன்னாலேயே அவர் ஆரம்பித்துவிடுகிறார்.